சின்ன சார்

(உடற்கல்வி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் படித்த பள்ளியில் கபடி அணிக்கு இரண்டு பேர் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் பி.டி. சார். கோப்பை வாங்கினால் படத்தில் நடுவே உட்காருபவர் அவர். இன்னொருவர் அதே பள்ளியில் முன்பு படித்துவிட்டு, வேலை ஏதும் அமையாமல் ஊரிலேயே இருந்தவர். சாயங்காலம் நாலரை மணிக்கு வருவார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு மண்ணில் இறங்குவார். என் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டு, "இப்ப எப்படிடா வெளிய வருவே?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். வயிற்றைத் தரையோடு அழுத்தி நடுக்கோட்டுக்குக் கையை எப்படி நீட்டுவது என்று எனக்குக் காட்டியவரும் அவர்தான். அவரைச் 'சின்ன சார்' என்று கூப்பிட்டோம். அவர் பெயர் என்ன என்று இன்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான்கு வருடம் அவரிடம் கற்றேன். ஒரு நாள்கூடப் பெயரைக் கேட்கவில்லை. அந்த வெட்கம்தான் என்னை இந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் துணைப் பயிற்சியாளராக இருக்கும் மனிதரின் தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேசப்போகிறேன். இத்தனை விளையாட்டு இருக்க இது எதற்கு என்று கேட்பீர்கள். கால்பந்திலோ கூடைப்பந்திலோ துணைப் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று வேலையை முடித்துவிடலாம். மல்யுத்தத்தில் அது நடக்காது. ஒரு பிடியை வாயால் கற்றுத்தர முடியாது, உடம்பால்தான் தரவேண்டும். தலைமைப் பயிற்சியாளருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், முட்டி தேய்ந்திருக்கும். மெத்தையில் இறங்கி இருபது வயதுப் பையனைத் தூக்கிப் போடவும், அவன் தூக்கிப் போட்டால் விழுந்து எழவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் துணைப் பயிற்சியாளர். சின்ன சாரின் வேலை என்ன என்பது வேறு எந்த விளையாட்டிலும் இவ்வளவு பச்சையாகத் தெரிவதில்லை.

முதலில் அங்குள்ள மல்யுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் ஃப்ரீஸ்டைல் வேறு, கிரேக்க-ரோமன் வேறு. அமெரிக்கக் கல்லூரிகளில் நடப்பதை ஃபோக்ஸ்டைல் என்கிறார்கள். எதிராளியைக் கீழே கொண்டுபோவதோடு வேலை முடிவதில்லை. அவனைக் கீழேயே அடக்கி வைத்திருக்க வேண்டும், அப்படி வைத்திருந்த நேரத்துக்கும் கணக்கு உண்டு. கீழே கிடப்பவன் உருவிக்கொண்டு எழுந்தால் அவனுக்கு ஒரு புள்ளி. ஆட்டம் ஏழு நிமிடம். எடைப் பிரிவுகள் பத்து: 125 பவுண்டில், அதாவது சுமார் 57 கிலோவில் தொடங்கி 285 பவுண்டு, சுமார் 129 கிலோ வரை. ஒவ்வொரு மார்ச்சிலும் மூன்று நாள் தேசியப் போட்டி. பிரிவுக்கு 33 பேர், ஆக 330 பேர் மோதுவார்கள். எட்டு இடத்துக்குள் வந்தவனுக்கு 'ஆல் அமெரிக்கன்' என்ற பட்டம், ஆயுள் முழுக்கப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தப் பத்துப் பிரிவுக்கும் ஒரே உடம்பால் பாடம் நடத்த இயலுமா? 57 கிலோ பையனோடு 120 கிலோ ஆள் மல்லுக்கட்டினால் பையனுக்கு விலா எலும்பு மிஞ்சாது. அதனால் தலைமைப் பயிற்சியாளர் துணைக்கு ஆள் தேடும்போது அவர் வாங்கிய பட்டங்களோடு அவர் எடையையும் பார்ப்பார். சிறிய எடைக்கு ஒருவர், பெரிய எடைக்கு ஒருவர் என்று அமைவது வழக்கம். உடம்பின் எடையே வேலைக்கான தகுதிகளில் ஒன்றாக இருக்கும் ஆசிரியப் பணி வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தட்டுப்படவில்லை.

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். விடியலில் பளு தூக்கும் கூடத்தில் பையன்களோடு நிற்பார். பிறகு எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரையில் ஓடவிட்டு, அவன் எந்தக் காலை முன்னால் வைக்கிறான், எந்த நிமிடத்தில் களைக்கிறான் என்று குறித்துக்கொள்வார். எந்தப் பையன் வகுப்புக்குப் போகவில்லை என்று விசாரிப்பதும் அவர்தான். மதியம் இரண்டு மணி நேரம் மெத்தையில். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அந்த மெத்தையைக் கிருமிநாசினியால் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருவன் தோலில் வந்த படர்தாமரை ஒரே வாரத்தில் அணி முழுக்கப் பரவும். பல அணிகளில் துடைப்பம் பிடிப்பது துணைப் பயிற்சியாளரின் கைதான். இரவில் தொலைபேசி. அடுத்த வருடம் யாரைச் சேர்ப்பது என்று பள்ளிப் பையன்களிடமும் அவர்கள் பெற்றோரிடமும் பேசவேண்டும். கோடையில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரத்தில் பள்ளி வயதினருக்கு நடக்கும் தேசியப் போட்டிக்குப் போய், வரிசையாகப் போட்டிருக்கும் மெத்தைகளுக்கு நடுவே நாள் முழுக்க அலைந்து பையன்களைப் பார்ப்பார். போட்டி நாளில் மெத்தையின் மூலையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கும். ஒன்றில் தலைமைப் பயிற்சியாளர், மற்றதில் இவர். தொலைக்காட்சி யாரைக் காட்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து என்று ஒரு வாத்தியம் உண்டு. சுருதியை விடாமல் பிடித்து நிற்பது அது. அதை ஊதுகிறவர் மூச்சு விட்டால் பெரிய வித்துவானின் ராகம் தரையில் கிடக்கும். ஆனால் நம் பேச்சு வழக்கில் 'ஒத்து ஊதுகிறவன்' என்பது வசைச் சொல்லாகிவிட்டது. துணை நிற்பதைப் பற்றி நம் மனத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். அமெரிக்காவிலும் மதிப்பு இதைவிடப் பெரிதாக இருந்துவிடவில்லை. ஆனால் அங்கே ஓர் ஊர்க்காரர் வேறு விதமாக நடந்துகொண்டார். அவர் கதையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் கிரெஸ்கோ என்று ஒரு சிறிய ஊர். சுற்றிலும் சோள வயல்கள். அந்த ஊர்ப் பள்ளியில் மல்யுத்தம் கற்ற ஒருவரை உங்களுக்கெல்லாம் தெரியும், மல்லராக அல்ல. நார்மன் போர்லாக். கும்பகோணத்தில் பிறந்த நம் எம்.எஸ். சுவாமிநாதனோடு கைகோத்து, இந்தியாவுக்குக் குட்டை ரகக் கோதுமையைக் கொண்டுவந்தவர், 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். டேவ் பார்டெல்மா என்பவரிடம் பள்ளியில் மல்யுத்தம் பழகி, மின்னசோட்டா பல்கலைக்கழக அணியில் ஆடியவர். ஓக்லஹோமாவில் உள்ள தேசிய மல்யுத்தப் புகழரங்கில் அந்த வேளாண் விஞ்ஞானியின் பெயர் இன்றும் இருக்கிறது.

அதே கிரெஸ்கோவிலிருந்து வந்த இன்னொருவர் கேரி கர்டெல்மயர். 1958-இல் அயோவா பல்கலைக்கழகத்துக்காக தேசியச் சாம்பியன் ஆனவர். 1972-இல் அதே பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அன்றைக்கு அயோவா ஒரு தேசியப் பட்டத்தையும் கண்டதில்லை. பக்கத்தில் ஏம்ஸ் நகரத்தில் இருந்த அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் பெரிய கை. ஹெரால்ட் நிக்கல்ஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் 1969, 1970, 1972 என்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த அயோவா ஸ்டேட்டின் செல்லப்பிள்ளை டேன் கேபிள். பள்ளியிலும் கல்லூரியிலுமாக 181 ஆட்டம் வென்று, கல்லூரி வாழ்வின் கடைசி ஆட்டத்தில், 1970-இல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றவர். அந்த ஒரே தோல்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனார். ஆறு ஆட்டம். யாரும் அவர் மீது ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தங்கம்.

கர்டெல்மயர் அந்தக் கேபிளைத்தான் தனக்குத் துணையாக அழைத்தார். யோசித்துப் பாருங்கள். இருபத்துமூன்று வயது, ஒலிம்பிக் தங்கம், நாடே கொண்டாடும் பெயர். அப்படிப்பட்டவரைத் தன் அறையில் வைத்துக்கொண்டால் பையன்கள் யாரைப் பார்ப்பார்கள்? தலைமைப் பயிற்சியாளரையா, அவரையா? சாதாரண மனசுள்ளவர் இதைச் செய்யமாட்டார். தன்னைவிடக் குட்டையான ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். கர்டெல்மயர் தன்னைவிட உயர்ந்தவர் என்று தெரிந்தே ஒருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்.

1972 முதல் 1976 வரை கேபிள் துணைப் பயிற்சியாளர். அந்த நாலு வருடத்தில் அவர் ஓய்ந்து உட்காரவில்லை, தானும் மெத்தையில் மோதிக்கொண்டே இருந்தார். 1976 ஒலிம்பிக்குக்குத் திரும்பும் எண்ணமும் இருந்தது. 1975 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் நடந்த ஒரு போட்டியில் லீ கெம்ப் என்ற பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவன் அவரைத் தோற்கடித்தான். கெம்ப் பின்னாளில் மூன்று முறை உலகச் சாம்பியன் ஆனவர், சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் மறுநாள் பயிற்சிக் கூடத்தில் தன் மாணவர்கள் முன்னால் அதே கேபிள் நிற்கவேண்டியிருந்தது. துணைப் பயிற்சியாளரின் வாழ்வில் இதுதான் மிகக் கடினமான இடம் என்று நினைக்கிறேன். அவர் இன்னும் வீரராகவும் இருக்கிறார், ஆசிரியராகவும் ஆகிவிட்டார். எப்போது வீரனை இறக்கி வைப்பது என்பதை வேறு யாரும் அவருக்குச் சொல்லித்தர முடியாது. கேபிள் 1976-க்கு முன் இறக்கி வைத்தார்.

அயோவா 1975-இல் முதல் தேசியப் பட்டம் வென்றது, 1976-இல் இரண்டாவது. இப்போது கர்டெல்மயர் என்ன செய்திருக்க வேண்டும்? அனுபவித்திருக்க வேண்டும். பத்து வருடம் அந்த நாற்காலியில் இருந்திருக்கலாம். அவர் எழுந்துவிட்டார். விளையாட்டுத் துறை நிர்வாகத்துக்குப் போய், அணியைக் கேபிள் கையில் கொடுத்தார். அதன்பின் 21 பருவங்களில் கேபிள் 15 தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். அவற்றில் 1978 முதல் 1986 வரை தொடர்ந்து ஒன்பது. உலகம் கேபிளைப் பாடுகிறது. பாடட்டும், தகும். எனக்குக் கர்டெல்மயர் பெரிய மனிதர்.

இந்த இடத்தில் ஜே ராபின்சனையும் சொல்லியாக வேண்டும். வியட்நாம் போரில் ரேஞ்சர் படைவீரராக இருந்தவர், 1972 ஒலிம்பிக் அணியில் கிரேக்க-ரோமன் மல்லர். 1976 முதல் 1984 வரை கேபிளுக்குத் துணை. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் அணியைத் தயார்செய்யக் கேபிள் போனபோது, அயோவாவை இடைக்காலமாக நடத்தியவர் ராபின்சன். அந்த வருடமும் அயோவா பட்டம் வென்றது. மேலே சொன்ன 15-ஐ எண்ணிப் பாருங்கள், 1984-உம் அதற்குள் இருக்கிறது. பட்டம் கேபிள் கணக்கில்தான் போனது. ராபின்சன் இரண்டு வருடம் கழித்து மின்னசோட்டாவில் தலைமைப் பொறுப்பு ஏற்று, 2001, 2002, 2007 என மூன்று தேசியப் பட்டம் வென்றார். 2001-இல் அவர் அணியில் ஒருவர்கூடத் தனிநபர் சாம்பியன் இல்லை. ஆனால் பத்துப் பிரிவிலும் பத்துப் பேரும் ஆல் அமெரிக்கன். தங்கம் ஒன்றும் இல்லாமல் கூட்டு உழைப்பால் மட்டும் வந்த பட்டம் அது. எட்டு வருடம் இரண்டாவது நாற்காலியில் இருந்த மனிதருக்குத்தான் அப்படி ஓர் அணியைக் கட்டத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாருக்கும் கர்டெல்மயர் கிடைப்பதில்லை. இனி பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கத்தை என்.சி.ஏ.ஏ. என்பார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று 1991-இல் அது ஒரு விதி கொண்டுவந்தது. துணைப் பயிற்சியாளர்களில் ஒரு வகையினரை 'வருமான வரம்புக்குட்பட்ட பயிற்சியாளர்' என்று தனியே பிரித்து, அவருக்குக் கல்வியாண்டில் 12,000 டாலர், கோடையில் 4,000 டாலர், மொத்தம் 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்றது. கல்லூரி தர விரும்பினாலும் தரக்கூடாது! தலைமைப் பயிற்சியாளருக்கு வரம்பு இல்லை. அரங்கம் கட்ட வரம்பு இல்லை. இருப்பவர்களில் கடைசி ஆளின் தட்டில்தான் கை வைத்தார்கள். கூடைப்பந்துத் துணைப் பயிற்சியாளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள், பிற விளையாட்டுப் பயிற்சியாளர்களும் சேர்ந்தார்கள். கான்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 1995-இல் அந்த விதி வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1998-இல் அதை உறுதி செய்தது. 1999-இல் சங்கம் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அதோடு முடிந்ததா? இல்லை. 'தன்னார்வத் துணைப் பயிற்சியாளர்' என்று இன்னொரு பெயர் பட்டியலில் இருந்தது. மல்யுத்த அணிக்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர், சம்பளத்துக்கு இரண்டு துணை, சம்பளமில்லாமல் ஒரு தன்னார்வத் துணை. அவரும் இதே மெத்தையில்தான் விழுந்து எழுந்தார், மல்லர்களின் காதைப் போலவே அவர் காதும் நசுங்கிக் கன்றிப்போனது. பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தரக்கூடாது. கோடை முகாம்களில் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்தும், தனிப் பயிற்சி சொல்லிக்கொடுத்தும் வீட்டு வாடகை கட்டினார். பல பேரின் தொழில் வாழ்க்கை இந்தப் படியில்தான் தொடங்கியது. எத்தனை நல்ல ஆசிரியர்கள் இந்தப் படியிலேயே களைத்து இறங்கி, வேறு வேலைக்குப் போனார்களோ! 2023 ஜூலை 1 முதல் இந்தப் பிரிவை என்.சி.ஏ.ஏ. எடுத்துவிட்டது. முப்பது வருடத் தாமதம் என்றாலும் வரவேற்கிறேன்.

சம்பளம் போதாத ஒருவர் முன்னால் பெரிய பணக்காரர் ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஷுல்ட்ஸ் சகோதரர்கள் கதை இருக்கிறது. அண்ணன் டேவ், தம்பி மார்க். 1984 ஒலிம்பிக்கில் இருவருக்கும் தங்கம். அதற்குப் பிறகு வாழ்வதற்குத் துணைப் பயிற்சியாளர் வேலைதான். டேவ் ஸ்டான்ஃபோர்டிலும் விஸ்கான்சினிலும் அந்த வேலையில் இருந்தார். மார்க் பென்சில்வேனியாவின் வில்லனோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார், அந்த அணியே ஜான் டு பான்ட் என்ற கோடீஸ்வரரின் பணத்தில் நடந்தது. 1988-இல் அணி கலைந்தது. டு பான்ட் தன் பண்ணையில் மல்யுத்தக் கூடம் கட்டி, மல்லர்களுக்கு வீடும் பணமும் தந்தார். டேவ் மனைவி மக்களோடு அங்கே குடியேறினார். ரஷ்ய மொழி கற்று, சோவியத் மல்லர்களிடமே பிடிகளைக் கேட்டுப் பழகியவர் டேவ். அந்த நாட்டு ரசிகர்களே அவரை நேசித்தார்கள். 1996 ஜனவரி 26 அன்று, அவர் குடியிருந்த வீட்டு வாசலிலேயே, டு பான்ட் அவரைச் சுட்டுக் கொன்றார். டு பான்டின் மனநலம் குலைந்திருந்தது என்று நீதிமன்றம் கண்டது, கொலைக் குற்றம் உறுதியானது, சிறையிலேயே 2010-இல் இறந்தார். இதைப் பைத்தியக்கார மனிதர் ஒருவரின் கதை என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உலகச் சாம்பியனும் ஒலிம்பிக் சாம்பியனுமான ஓர் ஆசிரியருக்குத் தன் தொழிலில் நின்று குடும்பம் நடத்தப் போதுமான வழி இருந்திருந்தால், அந்தப் பண்ணையின் வாசலை அவர் மிதித்திருக்கத் தேவையில்லை.

இனி, துணைப் பயிற்சியாளர் தோளில் இருக்கும் மிகப் பெரிய பொறுப்பு. மாணவன் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லாததை இவரிடம் சொல்வான். வயது நெருக்கம், உடல் நெருக்கம். வியர்வையில் சேர்ந்து நனைந்தவர்களுக்குள் ஒளிவு மறைவு குறைவு. ஆகவே ஆபத்து முதலில் தெரிவது இவருக்குத்தான்.

1997 நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரை, ஏறக்குறைய ஒரு மாதத்தில், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் உயிர்விட்டார்கள். ரப்பர் உடை போட்டுக்கொண்டு, சூடேற்றிய அறையில் சைக்கிள் மிதித்து, தண்ணீர் குடிக்காமல் உடம்பைப் பிழிந்தெடுத்தார்கள். அது வரைக்கும் இது மல்யுத்தத்தில் ஆண்மையின் அடையாளமாகப் பேசப்பட்டு வந்த பழக்கம். மூன்று பிள்ளைகள் போன பிறகு விதிகள் வந்தன. ரப்பர் உடை தடை, நீராவி அறை தடை, எடை பார்ப்பது ஆட்டத்துக்குச் சற்று முன்புதான், உடலில் நீர்ச்சத்து எவ்வளவு என்று சோதித்த பின்பே எந்தப் பிரிவு என்று முடிவு, வாரத்தில் உடல் எடையில் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக்கூடாது. இன்று ஒவ்வொரு நாளும் தராசு முன்னால் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்வது பெரும்பாலும் துணைப் பயிற்சியாளர். அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று வீடுகளின் அழுகை இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உடற்கல்விக்காரர்கள் கூடிய அவையில் சொல்லாமல் போகக்கூடாது. ஓஹயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற அணி மருத்துவர் 1979 முதல் 1996 வரை குறைந்தது 177 மாணவர்களிடம் பாலியல் கொடுமை செய்ததாக, பல்கலைக்கழகமே அமர்த்திய விசாரணையின் அறிக்கை 2019-இல் வெளிவந்தது. அவர்களில் மல்யுத்த வீரர்களும் பலர். 1987 முதல் 1995 வரை அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜிம் ஜோர்டன், பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். அவருக்கு விஷயம் தெரியும் என்று முன்னாள் வீரர்கள் சிலர் சொன்னார்கள். தனக்குத் தெரியாது என்று அவர் மறுத்தார், இன்றும் மறுக்கிறார். அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கேள்வி ஏன் துணைப் பயிற்சியாளரைத் தேடி வந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். உடை மாற்றும் அறையில் பையன்களோடு இருப்பவர் அவர் என்று எல்லாருக்கும் தெரியும். தம்பி தங்கைகளே, உங்கள் காதில் ஒரு முணுமுணுப்பு விழுந்தால், அது கேலிப் பேச்சு வடிவில் வந்தாலும், அதை எழுதி மேலே கொடுங்கள். மேலே இருப்பவர் கேட்காவிட்டால் அவருக்கும் மேலே கொடுங்கள். விசிலைவிடப் பெரிய கடமை அது.

துணைப் பயிற்சியாளர் வேலை தலைமைக்குப் போகும் வழியில் ஒரு சத்திரம், இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பவேண்டிய இடம் என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்கு அது சத்திரம்தான். 159 ஆட்டம் ஆடி ஒன்றிலும் தோற்காமல் கல்லூரியை விட்ட கேல் சாண்டர்சன், 2004-இல் ஒலிம்பிக் தங்கமும் வாங்கி, அயோவா ஸ்டேட்டில் பாபி டக்ளஸுக்குத் துணையாக இருந்து, 2006-இல் தலைமைக்கு வந்தார். 2009-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2025 வரை 12 தேசியப் பட்டம். அந்தப் பன்னிரண்டும் அவர் பெயரில் இருக்கின்றன, இருக்கட்டும். ஆனால் அவர் அண்ணன் கோடி சாண்டர்சனும், 1999-இல் தேசியச் சாம்பியனாக இருந்த கேசி கன்னிங்ஹாமும் அவர் பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்றவர்கள். அவர்களுக்கு அது சத்திரம் இல்லை, சொந்த வீடு.

டெர்ரி பிராண்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டாமும் டெர்ரியும் இரட்டையர், அயோவாவின் ஷெல்டன் ஊர்ப் பிள்ளைகள், கேபிளின் மாணவர்கள். 1993-இல் இருவரும் உலகச் சாம்பியன்கள். 1995-இல் டெர்ரி மறுபடியும் உலகச் சாம்பியன். 1996 ஒலிம்பிக்குக்குத் தேர்வுப் போட்டி. டெர்ரி கெண்டல் கிராஸிடம் தோற்றார். கிராஸ் அட்லாண்டாவுக்குப் போய்த் தங்கம் வாங்கினார். அப்போது அயோவாவில் துணைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே ஆடிய டாமும் தங்கம் வாங்கினார். ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்தவர்களில் ஒருவர் மேடையில், ஒருவர் பார்வையாளர் வரிசையில். நாலு வருடம் காத்திருந்து 2000 சிட்னியில் டெர்ரிக்குக் கிடைத்தது வெண்கலம்.

பிறகு டெர்ரி கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒலிம்பிக் பயிற்சி மையத்தில் தேசியப் பயிற்சியாளர் ஆனார். அங்கே வந்து சேர்ந்த பையன் ஹென்றி செஹூடோ, மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோரின் மகன். டெர்ரியின் கைக்குள் வளர்ந்து, 2008 பெய்ஜிங்கில், 21 வயதில் தங்கம் வாங்கினான். தனக்குக் கிட்டாத தங்கத்தைத் தன் மாணவன் கழுத்தில் பார்த்த அந்த மனிதர் அடுத்து எங்கே போனார் தெரியுமா? அதே 2008-இல், அயோவாவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டாமுக்குத் துணையாகப் போனார். ஏற்கெனவே டென்னசி-சட்டநூகா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து பார்த்தவர்தான். தலைமை நாற்காலி தெரியாதவர் அல்ல. தெரிந்தே இரண்டாவது நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, 2009, 2010, 2021 என்று அணி பட்டம் வென்றபோதெல்லாம் அதில் உட்கார்ந்திருந்தார். இதைத் தாழ்வு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வேலையின் ருசி தெரிந்தவர் செய்த தேர்வு இது.

கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். துணைப் பயிற்சியாளருக்கு ஒரு பணி நியமன ஆணை, மாதம் தவறாத சம்பளம், அடிபட்டால் மருத்துவச் செலவு, படத்தில் ஓர் இடம், இவ்வளவைச் செய்து கொடுங்கள். தலைமைப் பயிற்சியாளர்களே, உங்களைவிடத் திறமையான ஒருவர் வேலை கேட்டு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த வாரம் உங்கள் பிள்ளையின் போட்டிக்குப் போகும்போது, மைதானத்தின் ஓரத்தில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நிற்பாரே, அவரிடம் போய் அவர் பெயரைக் கேளுங்கள். கேட்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.